மசுயா வீட்டு எருது

ஷிமாவுக்குத் தலைக்கனம் என்று சொல்லாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. உண்மைதான், மறைப்பானேன்? கியோட்டோவில் ஓவியப் பட்டறைகளுக்கா பஞ்சம்? பட்டில் வரைந்த விலங்குக்கு முடி போடுவதில் அவளைவிடக் கைதேர்ந்தவர் ஒருவரைக் காட்டிவிட்டு அப்புறம் அவளுடைய தலைக்கனத்தைப் பற்றிப் பேசட்டும். காய்கறிக்காரன் முள்ளங்கியை இறக்கி வைத்துவிட்டு, "அக்கா, இன்னைக்கு எந்த மிருகத்துக்கு முடி வெட்டறீங்க?" என்று சீண்டுவான். "வெட்டறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்கடா. முளைக்க வெக்கறதுக்கு நான் ஒருத்திதான்" என்பாள். சொல்லிவிட்டு அவன் கூடையிலேயே நல்லதாக ஒரு முள்ளங்கியைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போவாள்.

அவள் வேலை பார்த்தது தன்சாய் என்ற ஓவியரின் பட்டறையில். சின்ன வயதில் தூரிகை கழுவ வந்தவள், நாற்பதைத் தாண்டியும் அங்கேயேதான் இருந்தாள். குரங்கு எந்தக் கிளையில் உட்கார வேண்டும், நரி எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவு பட்டை வெறுமனே விட வேண்டும் என்பதெல்லாம் தன்சாயின் தலையிலிருந்து வரும். உடம்பில் இருக்கிற முடியெல்லாம் ஷிமா. மூலையில் பேரும் சிவப்பு முத்திரையும் தன்சாய். பட்டறை என்றால் அப்படித்தான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் பெரிய வீடுகளில் விருந்தாளிகள் படத்துக்குப் பக்கத்தில் குனிந்து, "ஊதினா முடி பறந்துடும்போல இருக்கே!" என்று வியப்பார்கள். வியந்தது அவள் வேலையை. உடனே கண் மூலைக்குப் போகும், வாய் தன்சாயின் பேரைப் படிக்கும். ஷிமாவுக்கு அந்த இடம்தான் வலித்தது.

பன்னிரண்டு விலங்குகளின் பேரில் ஆண்டுகள் மாறி மாறி வரும் எங்கள் கணக்கில், அந்த முறை வரப்போவது எருது ஆண்டு. பக்கத்து ஊரான ஃபுஷிமியில் சாக்கே என்ற அரிசி மது காய்ச்சும் மசுயா முதலாளி புது வீடு கட்டியிருந்தார். விருந்தறை மாடத்தில் புத்தாண்டன்று தொங்கவிட ஓர் எருதுப் படம் வேண்டும் என்று பட்டறைக்கு ஆள் அனுப்பினார். அதுவும் ஏதோ ஓர் எருது இல்லை. அவருடைய சாக்கே பீப்பாய்களைத் தகேதா சாலையின் கல் தடத்தில் காலமெல்லாம் கியோட்டோவுக்கு இழுத்த 'இவா' என்ற எருது. அதற்கு வயதாகிவிட்டது. வண்டியிலிருந்து அவிழ்த்துவிடுவதற்கு முன்னால் அதன் உருவம் வீட்டில் இருக்கட்டும் என்பது அவருடைய ஆசை.

செய்தி வந்த கையோடு ஷிமா போய் தன்சாயின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, இந்த எருது எனக்கு வேணும்."

"முடி எப்பவும் உனக்குத்தானேம்மா."

"முடி இல்ல ஐயா, எருது. அமைப்பு, உடம்பு, கண்ணு, கொம்பு, எல்லாம். மூலைல பேரும்."

தன்சாய் புகைக்குழாயைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். கெட்ட மனிதர் இல்லை, கெட்டிக்காரர். "மசுயாகாரர் ஆள் அனுப்பினது என் பேருக்கு. உன் பேரை அவர் எதுக்கு வாங்கணும்?"

"படத்தைப் பார்த்துட்டு அவரே சொல்லட்டும்."

தன்சாய் சிரித்துவிட்டார். "சரி. முழுக்க நீயே போடு. நான் தூரிகையைத் தொட மாட்டேன். முடிஞ்சதும் பேர் எழுதாம அப்படியே ஃபுஷிமிக்குக் கொண்டு போவோம். அவர் மனசார ஏத்துக்கிட்டா உன் பேர். கொஞ்சம் இழுத்தார்னா என் பேர், என் முத்திரை. பட்டறையோட மானத்தை நான் விட முடியாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் ஷிமா. இரண்டாவது முறை யோசிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவளுடைய புருஷன் கென்சாகு படங்களுக்குத் தாள் ஒட்டி, கரை கட்டி, சுருட்டித் தொங்கவிடும்படி செய்து தருகிறவன். நல்லவன். கை சுத்தம், தொண்டைக்குத்தான் கொஞ்சம் தாகம் அதிகம். மாடத்தின் அளவெடுக்க அவன்தான் ஃபுஷிமிக்குப் போனான். சாக்கே காய்ச்சும் வீட்டில் வந்தவனைக் காய்ந்த வாயோடு அனுப்புவார்களா? முகம் சிவக்கச் சிவக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வந்தான். உயரம், அகலம் எல்லாம் நூல் பிசகாமல் ஒப்பித்தான்.

ஷிமா தனியாகப் போய் இவாவைப் பார்த்தாள். வண்டிக் கொட்டகையில் கவிழ்த்து வைத்த பீப்பாயின் மேல் உட்கார்ந்து வரைந்தாள். கரேல் என்ற உடம்பு, தரையைத் தேடும் கழுத்து. இடத் தோளில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. வண்டிச் சட்டம் உரசி உரசிப் புண்ணாகி, ஆறிய இடத்தில் முடி வெள்ளையாக முளைத்திருந்தது. வண்டிக்காரன் யசோகிச்சி அதைத் தடவிக்கொண்டே, "எங்க முதலாளிக்குச் சுவர்ல பட்டயம் மாட்டியிருக்காங்க. இவனுக்குத் தோள்லயே மாட்டிட்டாங்க" என்றான். அந்தத் தோள் தெரிகிற மாதிரி, இடப்பக்கம் முகம் வைத்து எருது நிற்கட்டும் என்று ஷிமா முடிவு செய்தாள்.

பட்டுத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஒட்டி, பசையும் படிகாரமும் கலந்த நீரைப் பூசிக் காயவிட்டாள். வரைந்த தாளை அடியில் வைத்தால் பட்டுக்கு மேல் கோடு மங்கலாகத் தெரியும். பட்டில் விழுந்த மை விழுந்ததுதான், அழிக்க வழி கிடையாது. கருப்பு எருதுக்கு அவள் முதலில் கருப்பைத் தொடவே இல்லை. அவுரி நீலத்தையும் மண் நிறத்தையும் தண்ணீராகக் கரைத்து, கழுத்து வரைக்கும் உடம்பெல்லாம் படரவிட்டாள். அது காய்ந்த பிறகுதான் முடி. தூரிகையின் நுனியை விரலால் நசுக்கிப் பிரித்தால் ஒரே இழுப்பில் பல முடி விழும். முதலில் வெளிறிய மை, அதன் மேல் கொஞ்சம் அடர்ந்த மை. கூரை வேய்கிறவன் கீழிருந்து மேலே வருவதைப்போல அவள் வாலில் தொடங்கித் தலையை நோக்கி வந்தாள். அப்போதுதான் முன் முடி பின் முடியின் மேல் படியும். தோளில் இருந்த வெள்ளையை மட்டும் பட்டின் பின்பக்கத்தில் பூசினாள். முன்னால் சில முடிகளை இழுத்துவிட்டுப் பார்த்தால் வெள்ளை தோலுக்குள்ளிருந்து வருவதுபோலத் தெரிந்தது. அதைப் பார்த்து அவளே "சபாஷ்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். பட்டறையில் யாரும் தலை நிமிரவில்லை. அவர்களுக்கு இது பழக்கம்.

உடம்பு முழுக்க முடிந்து கழுத்தைத் தொட வேண்டிய நேரத்தில் கென்சாகு ஃபுஷிமியிலிருந்து வந்தான். மசுயா வீட்டு நகரும் கதவுகளுக்குத் தாள் ஒட்டப் போனவன். முகத்தில் ஈயாடவில்லை. குடித்த வாசனையும் இல்லை. அதுதான் ஷிமாவுக்குப் பயத்தைத் தந்தது.

"ஷிமா, அந்த மாடம் இருக்கு பாரு..."

"இடிஞ்சு விழுந்துடுச்சா?"

"விழுந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அந்த வீட்ல தோட்டம் வலப்பக்கம் இருக்குடி."

ஷிமாவின் கையிலிருந்த தூரிகை அப்படியே நின்றது. எங்கள் ஊரில் எந்த வீட்டு விருந்தறைக்குப் போய் மாடத்தைப் பார்த்து உட்கார்ந்தாலும் தோட்டமும் வெளிச்சமும் இடப்பக்கம்தான். படத்தில் இருக்கிற உயிர் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். அதனால் எருதை இடப்பக்கம் பார்க்க வைத்தாள். யாரும் இதைக் கேட்பதுகூட இல்லை. மசுயாவோ, சாக்கேக்குத் தண்ணீர் தரும் கிணற்றை மூடக் கூடாது என்று வீட்டையே எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார். இப்போது இந்த எருது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். புத்தாண்டுக்குத் தோட்டப்பக்கமாக வருகிறவர்கள் குனிந்து வணங்கினால், ஆண்டுக்கு உரிய எருது அவர்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டும். கென்சாகு முதல் முறை போனபோது இதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சாக்கேயோடு சேர்த்து விழுங்கியிருப்பான்.

"அளவெடுக்கப் போனீங்களா, குடிக்கப் போனீங்களா?"

"ரெண்டுக்கும்தான்" என்றான் கென்சாகு. பொய் சொல்லத் தெரியாதவன்.

ஷிமா தூரிகையைக் கழுவி வைத்தாள். அவள் கத்தியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனே மெதுவாக ஆரம்பித்தான். "இதுக்கு வழி இல்லாம இல்ல. பட்டுதானே, ரெண்டு பக்கமும் தெரியும். சட்டத்தைத் திருப்பிப் போட்டுட்டு, மேல இன்னொரு தடவை முடி இழுத்துடு. எருது வலப்பக்கம் பாக்கும். நான் தாள் ஒட்டித் தர்றேன். சாமி வந்தாலும் கண்டுபிடிக்காது."

"பின்னால வெள்ளை பூசியிருக்கேன். திருப்பினா அது முன்னால வந்து பிளாஸ்திரி ஒட்டின மாதிரி நிக்கும்."

"சுரண்டிடலாம்."

"சுரண்டலாம். அப்போ தழும்பு வலத் தோளுக்குப் போயிடும்."

"அதை யாருடி பாக்கப்போறா?"

"இவா அதை இடத் தோள்ல வாங்கிச்சு. நான் வலத் தோள்ல வெச்சா அது வேற எருது. வேற எருதுக்குக் கீழ என் பேரை எழுத மாட்டேன்."

"அப்போ ஐயா பேர் விழும்."

"விழாது" என்றாள் ஷிமா. எப்படி விழாமல் போகும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கும் தெரியாது. புதுப் பட்டு இழுத்து, குளிர்காலத்தில் பசை காயக் காத்திருந்து, மறுபடி வாலில் தொடங்குவதற்கு ஆண்டின் கடைசியில் நாளில்லை.

அவன் போன பிறகு அவள் அடியிலிருந்த தாளை உருவி எடுத்தாள். பட்டின் மேல் தலையில்லாத எருது நின்றது. நானாக இருந்தால் ஒரு மூச்சு அழுதிருப்பேன். ஷிமா அந்த எருதின் பின்தொடையைப் பார்த்தாள். இடுப்பெலும்பின் மேல் முடி சுழித்துத் திரும்புகிற இடத்தைப் பார்த்தாள். இவ்வளவு நன்றாக முடி போட்ட உடம்பைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவே இல்லை. கர்வம் சில நேரம் அப்படியும் உதவும். உடம்பைத் திருப்ப முடியாது. தலையைத்தான் இன்னும் போடவே இல்லையே?

மறுநாள் காலை ஃபுஷிமியில் யசோகிச்சியின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, இவா எப்போ திரும்பிப் பாக்கும்?"

"இவனா? இழுக்கறப்போ திரும்ப மாட்டான். கூப்பிட்டாலும் மாட்டான். கர்வம் பிடிச்ச கழுதை."

"எருதைப் போய்க் கழுதைங்கறீங்களே."

"அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்று யசோகிச்சி சிரித்தான். பிறகு யோசித்து, "சரக்கு இறக்கி முடிச்சதும் ஒரு தடவை பாப்பான். அவ்வளவுதான். இங்கேயே நில்லுங்க" என்றான்.

அவள் நின்றாள். பக்கத்து ஆற்றுத் துறையிலிருந்து காலிப் பீப்பாய்களோடு இவா இழுத்த வண்டி முற்றத்துக்கு வந்தது. ஆட்கள் ஒவ்வொன்றாக உருட்டி இறக்கினார்கள். கடைசிப் பீப்பாய் தரையைத் தொட்டதும் வண்டி லேசாக மேலே எழும்பியது. இவா இடத் தோளின் மேலாகக் கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தது. கழுத்துத் தோல் வெள்ளைத் தழும்புக்குப் பக்கத்தில் மடிந்தது. ஒரு கொம்பு முதுகின் மேல் குறுக்கே வந்தது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. அவ்வளவுதான், தலை மறுபடி முன்னால் போய்விட்டது. ஷிமா ஒரு கோடு போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த நடைக்கும், அதற்கடுத்த நடைக்கும் காத்திருந்தாள். விரல் விறைத்தது. மசுயா வீட்டுச் சமையல்கட்டுப் பெண்கள் பரிதாபப்பட்டு, முள்ளங்கியும் மீனும் போட்டுச் சாக்கேச் சக்கையைக் கரைத்துக் காய்ச்சிய சூடான கிண்ணத்தை அவள் கையில் திணித்தார்கள். குடித்துவிட்டு மறுபடி வரைந்தாள். பொழுது சாய்வதற்குள் அந்தத் திரும்பல் முழுக்க அவள் தாளுக்கு வந்துவிட்டது.

பட்டறையில் தலை போட்டது தனிக் கதை. வளைந்த கழுத்தில் முடி ஒரே மாதிரி படுக்காது. வெளிப்பக்கம் விரிந்து தோல் தெரியும், உள்பக்கம் நெருங்கிக் கருக்கும். அவள் தூரிகையைப் பிரித்தும் சேர்த்தும் பிடித்துப் பிடித்து அந்த வளைவை ஏற்றினாள். கொம்பு ஒரே இழுப்பு. அது ஏற்கெனவே முடி போட்ட முதுகின் மேல் வர வேண்டும், பிசகினால் உடம்பும் போச்சு. மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தாள். வந்துவிட்டது. கண்ணைக் கடைசியில் வைத்தாள். இப்போது எருதின் உடம்பு சுவர்ப்பக்கம் நின்றாலும் முகம் வெளிச்சத்தைப் பார்த்தது.

ஒரே ஒரு குறை. முன்பு தலை வர வேண்டிய இடது பக்கம் இப்போது வெறுமையாகக் கிடந்தது. வெறும் பட்டை விடுவது ஓவியர்களுக்குத் தெரிந்த வித்தைதான். ஆனால் இது விட்ட இடமாக இல்லை, ஆள் எழுந்துபோன இடமாக இருந்தது. புல் போடலாமா, பிளம் கிளை போடலாமா என்று அவள் தூரிகையைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திரும்ப எடுத்தாள். எதைப் போட்டாலும் பொய்யாகத் தோன்றியது. கடைசியில் அப்படியே விட்டுவிட்டாள்.

ஒரு முறை சூடு பட்டதால், தாள் ஒட்டுவதற்கு முன்பே மாடத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று கென்சாகு பிடிவாதம் பிடித்தான். சட்டத்தைத் துணியில் சுற்றி அவனே சுமந்தான். தன்சாய் குடும்பச் சின்னம் போட்ட மேலங்கி அணிந்து, கைமடிப்புக்குள் முத்திரைப் பெட்டியோடு வந்தார். மசுயா வீட்டு விருந்தறையில் புதுப் பாயின் வாசனை வீசியது. சட்டத்தை மாடத்தில் சாய்த்தார்கள். வலப்பக்கத் தோட்டத்திலிருந்து வந்த வெளிச்சம் எருதின் கண்ணில் விழுந்தது.

மசுயா முதலாளி பருத்த மனிதர். முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து பார்த்தார். "அடேயப்பா, இவாதான்! மூச்சு விடறது கேக்குது. தழும்பைப் பாரேன்." பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஆனா..."

அந்த 'ஆனா'வில் ஷிமா படத்தை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்த்தாள்.

"புத்தாண்டுக்குத் திரும்பிப் பாக்கற எருதா? முன்னால பாக்கறதுதானே சகுனம்? போன வருஷத்தையே பாக்குதுன்னு யாராவது சொல்லிட்டா?"

தன்சாயின் கை மெல்லக் கைமடிப்புக்குள் போனது. இழுத்தால் என் பேர் என்பதுதானே பேச்சு. முதலாளி இழுத்துவிட்டார். கென்சாகு பாயையே பார்த்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. மாடத்தின் இடம் வலம் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொன்னால் பழி அவன் தலையில் விழும். ஷிமா அதைச் சொல்லவில்லை.

"முதலாளி, யசோகிச்சி அண்ணனைக் கூப்பிடுங்க" என்றாள். "அவர் பாக்கட்டும். அப்புறம் நீங்க சொல்றது எதுவா இருந்தாலும் சரி."

யசோகிச்சி காலைக் கழுவிக்கொண்டு வந்தான். விருந்தறைக்குள் அவன் வந்ததே இல்லை. பாயின் ஓரத்தில் குந்தி, எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு தலையைத் தூக்கி மாடத்தைப் பார்த்தான். முதலாளியையும் மறந்தான், எல்லாரையும் மறந்தான். அவன் கை தானாக எழுந்தது.

"ஆச்சுடா, ஆச்சு. எல்லாம் இறங்கிடுச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. காது சிவந்து, நெற்றி பாயில் படக் குனிந்துவிட்டான். யாரும் சிரிக்கவில்லை.

மசுயா முதலாளி மெதுவாகக் கேட்டார். "அது பாக்கறது சரக்கு இறங்கினதைத்தானா?"

"ஆமாங்க முதலாளி. கடைசிப் பீப்பாய் பத்திரமா இறங்கிச்சான்னு பாப்பான். பாக்காம ஒரு நாளும் நகர்ந்ததில்ல."

முதலாளி படத்தைப் பார்த்தார், வண்டிக்காரனைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "வருஷமெல்லாம் இழுத்த சரக்கு பத்திரமா இறங்கிச்சுன்னு எருதே சொல்லுது! சாக்கேக்காரனுக்கு இதைவிட என்ன சகுனம் வேணும்? இது எனக்கு வேணும். இப்படியே வேணும்."

தன்சாயின் கை வெளியே வந்தது, வெறுங்கையாக. அவர் எழுந்து படத்துக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தார். அவர் பார்வை இடது பக்கத்து வெறுமையில் வந்து நின்றது.

"இங்க ஒரு ஓட்டை இருக்கு."

"தெரியும் ஐயா. என்ன போடறதுன்னுதான் தெரியல."

"அமைப்பெல்லாம் என்னோடதுன்னு சொன்னவளுக்கு இது தெரியலையா?"

அவர் மைக்கல்லையும் மைக்கட்டியையும் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் விட்டார். மேலங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டு, தன் கையாலேயே மை தேய்க்க ஆரம்பித்தார். தன்சாய் இன்னொருவருக்காக மை தேய்த்ததை அந்தப் பட்டறையில் யாரும் பார்த்தது கிடையாது. கென்சாகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"தலை இருக்க வேண்டிய இடத்துல பேர் இருக்கணும்மா" என்றார் தன்சாய். "எழுது. சின்னதா எழுதிடாதே, படம் சாஞ்சிடும்."

ஷிமா தூரிகையை மையில் தோய்த்தாள். ஒரு முறை தூரிகையைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். எருது விட்டுப்போன இடத்தில், தூரத்தில் உட்கார்ந்திருந்த யசோகிச்சிக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக, தன் பேரை எழுதினாள். படம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மசுயா முதலாளி குனிந்து அந்தப் பேரை வாய்விட்டுப் படித்தார். "ஷிமா. முத்திரை?"

"இல்லைங்க முதலாளி. இதுவரைக்கும் தேவைப்படல."

தன்சாய் தன் பெட்டியை எடுத்து நீட்டினார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். "என்னோடது வேணுமா?"

ஷிமா படத்தை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"வேண்டாம் ஐயா. இடமில்ல" என்றாள்.